பச்சைக் கோடு

நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து அப்பாடா என்று உட்காருகிறவனிடம் யாராவது இன்னொரு ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து நீட்டுவார்களா? என் மகள் நீட்டினாள்.

அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை, பழைய போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பிரித்தால், கறுப்பாக ஒரு ஸ்டியரிங். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில் ஒரு பலகை, பலகையில் இரண்டு பெடல்.

"இதென்னடி, மாவாட்டுற சக்கரமா?" என்றாள் என் மனைவி.

"கார் கேமும்மா. அப்பாவுக்குத்தான். எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா வெளிநாடு போயிட்டாக. போறப்ப குடுத்தாக."

"ஏத்தா, எனக்கு வேலை பத்தலன்னு ஒன்கிட்ட எப்பச் சொன்னேன்?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. அப்பாவுக்கு வண்டி என்றால் உயிர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் உயிராகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. லாரி ஓட்டியிருக்கிறேன், மினி பஸ் ஓட்டியிருக்கிறேன். கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் பஸ் கைக்கு வந்தது. விடிந்ததும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரவேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளை அதே வாசல்களில் இறக்கிவிட வேண்டும். பள்ளிக்கூட பஸ் என்றால் லேசான வேலை என்று லாரி ஓட்டுகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? லாரியில் லோடு வாயைத் திறக்காது. இங்கே லோடு பூராவும் வாய்தான்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தி இறங்கும்போது கால் இரண்டும் வேறு யாருடையதோ போலிருக்கும். சர்க்கரை வேறு இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், சில நாள் மறந்தும் போகிறேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் அசதி என்றுதான் நினைத்திருந்தேன். அசதிக்கு என்ன வைத்தியம், படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த வருஷம் படுத்து எழுந்தாலும் அசதியாகவே இருந்தது.

அந்த வாரத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் களமாகிவிடும். குதிரைவாலிக் கதிரை அறுத்துத் தார் ரோட்டின் மேல் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும். டிரைவர்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. கதிர் கண்ணில் பட்டதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கதிரின் மேல் ஏறிய பிறகு பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் வைக்கோல் சறுக்கும், மணியும் ஓடைக்குச் சிதறிப்போகும். வண்டியைத் தன் போக்கில் உருளவிட்டால் போதும். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, எத்தனையோ வருஷமாக என் கால் அதைத் தானாகச் செய்துகொண்டிருந்தது.

திருச்சுழிக்கு முன்னால் ஒரு வளைவில் கதிர் பரப்பியிருந்த ஒரு அம்மா அந்த வாரம் என் வண்டியை மறித்தாள். கையில் கதிர் கிண்டுகிற கம்பு.

"டிரைவரண்ணே, நீங்க வந்தா பதமா உருட்டிட்டுப் போவீகன்னுதான பாத்துக்கிட்டு நிக்கேன். இப்ப என்ன, வேகமா வந்து கதிரு மேல பிரேக்க அமுக்குறீக? மணி பூராம் ஓடைக்குப் போச்சு. நான் எங்கிட்டுப் போயி அள்ளுறது?"

அன்று பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்த குஷியில் வண்டியே அதிர்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார்கள். எனக்கு இருந்த எரிச்சலை அந்த அம்மாவின் மேல் கொட்டினேன். "ரோட்டுல காயப்போட்டது ஓம் தப்பு. பஸ்ஸு வந்தா மிதிக்கத்தான் செய்யும்" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் கைவைத்தபோதும் அந்த அம்மா சொன்னது காதிலேயே நின்றது. நான் காலை எடுத்துவிட்டுத்தானே ஏறினேன்?

மகள் ஸ்டியரிங்கோடு வந்து இறங்கியதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மனைவி உள்ளே படுத்துவிட்டாள். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அந்தச் சாமானைக் கம்ப்யூட்டர் மேஜையில் மாட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினால் அவள் மனசு ஆறும், அப்புறம் நாமும் போய்ப் படுக்கலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். பெடல் பலகை டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரிசி டிரம்மை இழுத்துவந்து பின்னால் முட்டுக்கொடுத்தாள்.

பழக்க தோஷம், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிளட்ச் எங்கத்தா?"

"கிளட்ச் இல்லப்பா. கியரு தானா விழும்."

"ஹாரனு?"

"அதுவும் கெடையாது."

"ஹாரன் இல்லாத வண்டிய எவன்டா ரோட்டுல விட்டது?" என்று கேட்டபடி பெடலில் காலை வைத்தேன். அம்மா தூங்குகிறாள் என்று மகள் சத்தத்தை முழுதாக அடைத்துவிட்டாள்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஆயுசில் அப்படி ஒரு ரோட்டைக் கண்டதில்லை. இப்போதுதான் மழை கழுவிவிட்டுப் போனதுபோல் பளபளவென்று கிடந்தது. இரண்டு பக்கமும் பச்சை. எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் போகிற வருஷத்தில்கூட அந்தப் பச்சை வராது. கருவேல முள் இல்லை. ஆடு இல்லை. குறுக்கே சைக்கிளில் வருகிற தாத்தா இல்லை. வேகத்தடை இல்லை, டீக்கடை இல்லை, கைகாட்டி நிறுத்துகிற ஒரு மனுஷர் இல்லை. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏத்தா, ஊரே இல்லாத எடத்துல எதுக்கு ரோடு போட்டான்?"

"ரேஸ் போறதுக்குத்தாம்ப்பா."

நான் இடதுபக்கம் ஒதுங்கியே போனேன். மற்ற கார்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உரசிக்கொண்டு முந்தின. "எங்கிட்டு விழுந்து சாகப் போறாய்ங்க இவிய்ங்க?" என்று என் வாய் தானாகத் திட்டியது. வளைவுக்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கத் தலை தானாகத் திரும்பியது. அங்கே அரிசி டிரம்தான் இருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவள் சிரிப்புக்காகவே இரண்டு தரம் வேண்டுமென்றே டிரம்மைப் பார்த்தேன்.

ஒரு சுற்று முடிந்து வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"இம்புட்டு வேகமா போனது கெளம்புன எடத்துக்கே வரவா?"

"நீங்க மட்டும் என்னவாம்? தெனமும் அதைத்தான பண்றீக" என்றாள். கழுதை, என்னிடமிருந்து வந்த வாய்தானே.

முதல் சுற்றில் மெதுவாகப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம் பிடித்தேன். அங்கேதான் வம்பு தொடங்கியது. முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது. சரி, புது வண்டி என்று விட்டேன். அடுத்த வளைவிலும் சுவர். அதற்கடுத்ததில் புல்லில் புரண்டு தலைகீழாகக் கிடந்தது. லாரி ஓட்டி மலையெல்லாம் ஏறி இறங்கியவனை ஒரு பொம்மைக் கார் இப்படி அவமானப்படுத்தினால் கோபம் வருமா, வராதா?

"வளைவு வந்தா காலை எடுங்கப்பா" என்றாள் மகள்.

"எடுத்துட்டுத்தான்த்தா திருப்புறேன்."

"எடுக்கலையே."

"எடுத்துட்டேங்கிறேன்!"

அவள் திரையின் மூலையைக் காட்டினாள். அங்கே நெட்டுக்குத்தாக இரண்டு சின்னக் கோடுகள். ஆக்சிலேட்டரை மிதித்தால் பச்சைக் கோடு ஏறும், பிரேக்கை மிதித்தால் சிவப்புக் கோடு ஏறும். காலை எடுத்தால் இறங்கிவிடும். நான் காலை எடுத்துவிட்டேன். பச்சைக் கோடு உச்சியில் நின்றது.

"ஒன் மிஷினு கோளாறு" என்றேன்.

அவள் கீழே குனிந்து கையால் பெடலை அழுத்தினாள். கோடு ஏறியது. விட்டாள், இறங்கியது. பாதி அழுத்தினாள், பாதியில் நின்றது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. நான் மறுபடி காலை வைத்தேன். எடுத்தேன். எடுத்ததாக நினைத்தேன். பச்சைக் கோடு பாதியில் நின்றது. பிரேக்கை மிதித்தேன். சிவப்போடு பச்சையும் சேர்ந்து ஏறியது. பாதம் இரண்டு பெடலின் மேலும் கிடந்திருக்கிறது. குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. மகளின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"சத்தத்த வையி" என்றேன்.

"அம்மா தூங்குறாக..."

"வைய்யித்தா!"

சத்தம் வந்தது. எஞ்சின் உறுமல் காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. உறுமல் குறைந்தால் கால் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம், கூடினால் கால் கீழே போய்விட்டது என்று அர்த்தம். காதை வைத்தே ஒரு சுற்று முழுக்க ஓட்டினேன். ஒரு இடத்திலும் முட்டவில்லை.

"பாத்தியா? சத்தம் இல்லாமத்தான் அப்படி ஆச்சு. நெச வண்டியில சத்தம் இருக்கும்ல? அங்க எனக்கு ஒண்ணும் ஆகாது."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளைக கத்துறப்ப ஒங்களுக்கு எஞ்சின் சத்தம் கேக்குமாப்பா?"

எனக்குப் பதில் தெரியும். திருச்சுழி வளைவும், விளையாட்டில் ஜெயித்த பிள்ளைகளின் கூச்சலும், கம்பை நீட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாவும் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றார்கள். பதில் தெரிந்ததால்தான் கத்தினேன். படிச்ச திமிரா என்று கத்தினேன். உன்னைப் படிக்க வைத்ததே இந்தக் கால்தான் என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறோம் என்று தெரிந்துகொண்டே கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று வந்தது அவ்வளவும் பயம்.

சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள். மகள் நடந்ததைச் சொன்னாள். மனைவி தரையில் உட்கார்ந்து என் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, இதென்ன கறுப்பா? முள்ளு மாதிரியில்ல இருக்கு?"

"இருக்கும். நேத்து வண்டிய ஓரங்கட்டிட்டு கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குனேன்."

"நேத்து ஏறுனதில்ல இது. சுத்தி சீப்பிடிச்சிருக்கு. செருப்பையும் தொளைச்சுக்கிட்டு ஏறியிருக்கும்போல. எத்தன நாளா இருக்கோ."

தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றி விரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ஸ்ஸ்... வலிக்குது, வலிக்குது. பாத்து எடு."

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் நிறைந்து நின்றது. ஊக்கு அவள் கையிலேயே இருந்தது.

"நான் இன்னும் குத்தவே இல்லங்க" என்றாள்.

அதற்குப் பிறகு குத்தினாள். கிளறினாள். கருவேல முள் நெட்டையாக வெளியே வந்தது, கூடவே சீழும் ரத்தமும். பிறத்தியார் காலைப் பார்ப்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என் கார் புல்வெளியில் நின்றபடி சும்மா உறுமிக்கொண்டிருந்தது. மகள் போய் அதை அணைத்தாள்.

ராத்திரி சாம்பார் ஊற்றும்போது மனைவி, "வண்டி நெறையா பிள்ளைக இருக்குங்க" என்றாள். எனக்குத் தெரியாதா? எந்தப் பிள்ளைக்குப் படியேறப் பயம், எந்தப் பிள்ளை ஜன்னலோரத்தில் தூங்கிவிழும், எந்த வீட்டு வாசலில் நாய் நிற்கும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வண்டியை விட்டால் நான் யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை இருட்டோடு போய்ப் பஸ்ஸில் ஏறினேன். எஞ்சினைப் போடவில்லை. சத்தம் இல்லாமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தேன். சரியாக வைத்துவிட்டேன் என்று மனசு சொன்னது. கண்ணைத் திறந்து குனிந்தேன். கால் ஆக்சிலேட்டரிலேயே கிடந்தது. அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை.

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம் சாவியைக் கொடுத்தேன். "என்னண்ணே திடீர்னு?" என்றார்.

"காலு சொல்ற பேச்சக் கேக்கல சார்."

அவருக்குப் புரிய வைக்க வேறு வார்த்தை என்னிடம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசாக ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். நான் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். சர்க்கரையால் போன உணர்ச்சி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்றார். காலை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதே அன்றைக்கு எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. அவ்வளவு அசதி.

பள்ளிக்கூடத்தில் என்னை அடியோடு அனுப்பிவிடவில்லை. பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்கிவிட்ட ஆயாம்மா முன்பே வேலையை விட்டு நின்றுபோயிருந்தார். அந்த வேலைக்கு என்னை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு என்னைப் பழக்கம், எனக்கு வாசல்கள் பழக்கம். மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் என் சீட்டுக்கு வந்தார். நல்லவர், நிதானமாக ஓட்டுவார். அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாதது எனக்குக் கூடுதல் எரிச்சல். மகள் அந்த ஸ்டியரிங்கைப் போர்வையில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். தான் கொண்டுவந்ததால்தான் அப்பாவின் வண்டி போனது என்று அவளுக்கு ஒரு வருத்தம். "நீ கொண்டாரலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாரு" என்று ஒரு நாள் சொன்னேன்.

முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம், திருச்சுழிக்கு முன்னால் அதே வளைவில் மறுபடியும் கதிர் பரப்பியிருந்தார்கள். நான் முன்படியின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஊரில் இறங்க வேண்டிய குட்டிப்பெண் பையை மாட்டிக்கொண்டு என்னை ஒட்டி நின்றாள். பின்னால் வழக்கமான கூச்சல். கதிர் கண்ணில் பட்டதுமே என் உடம்பு முழுக்க விறைத்தது. இப்ப காலை எடுக்கணும், இப்ப, இந்த இடத்தில் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். புது டிரைவர் மிகச் சரியாக அந்த இடத்தில் காலை எடுத்தார். வண்டி தன் போக்கில் கதிரின் மேல் உருண்டது. சறுக்கல் இல்லை, குலுங்கல் இல்லை. சக்கரத்துக்கடியில் நொறுநொறுவென்று மணி உதிர்வது படி வழியாகக் கேட்டது.

ஓரத்தில் கம்போடு நின்ற அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினாள். "இன்னைக்கித்தாண்ணே பழையபடி ஓட்டுறீக!" என்று டிரைவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் படியில் நிற்கிற என்னைப் பார்த்தாள். ஆட்டிய கை அப்படியே நின்றது.

நான் அவளைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய? அப்போது கீழேயிருந்து என் சட்டையை யாரோ இழுத்தார்கள். குட்டிப்பெண். முகம் கோணிப்போய் அழுகைக்குத் தயாராக இருந்தது.

"டிரைவர் மாமா, காலை எடுங்க. எங்காலு மேல நிக்கிறீக."

குனிந்து பார்த்தேன். என் செருப்புக் கால் அவளுடைய சின்ன ஷூவை முழுதாக மிதித்துக்கொண்டு நின்றது. கதிரைப் பார்த்ததுமே நான் அதை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.